வாசல் வேறு, கொல்லைக் கதவு வேறு: ஒரு வீட்டு சர்வரின் நிகழ்வு ஆய்வு

2024 பொங்கலுக்கு அறந்தாங்கி போனபோது, சித்தப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு சின்ன விசிறி விடாமல் இரைந்துகொண்டிருந்தது. டிவி மேசைக்குக் கீழே, ரவுட்டருக்குப் பக்கத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி. விசிறி அதனுடையது.

"ராத்திரி பூரா இப்படித்தாம்ப்பா. பத்துப் பதினஞ்சு நாளா இந்தச் சத்தம்தான். நான் ஒரு வேலையும் குடுக்கலையே அதுக்கு" என்றார் சித்தப்பா.

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் எனக்கு மனசு சரியில்லை. சித்தப்பா ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குக் கேள்வித்தாள்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் கையால் விடை எழுதி, ஸ்கேன் செய்து ஓர் இணையதளத்தில் போட்டு வைக்கிறார். தளம் ஓடுவது அந்தப் பெட்டியில்தான், அதுதான் அவருடைய சர்வர். பொதுத்தேர்வு நெருங்கும்போது சுற்று வட்டாரப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். மற்ற நாளில் பெட்டிக்குப் பெரிதாக வேலை கிடையாது. பொங்கல் விடுமுறையில், ஆள் நடமாட்டமே இல்லாத தளத்துக்காக அது ஏன் இரைய வேண்டும்?

நான் சென்னையில் சர்வர் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வீட்டில் சர்வர் வைத்திருக்கும் பலருடைய அமைப்பு ஏறக்குறைய சித்தப்பாவுடையது மாதிரியேதான் இருக்கிறது. அதனால்தான் அவரிடம் அனுமதி கேட்டு, நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

எப்படி அமைந்திருந்தது

சித்தப்பாவும் சித்தியும் வருஷத்தில் பாதி நாள் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருப்பார்கள். அங்கிருந்தும் விடைத்தாள்களை ஏற்ற வேண்டும், தளம் நின்றுவிட்டால் எழுப்பிவிட வேண்டும். அதற்காக இணைய நிறுவனத்திடம் தனியாகப் பணம் கட்டி நிலையான ஐபி முகவரி வாங்கியிருந்தார். இது நல்ல முடிவு. நம் ஊரில் பல வீட்டு இணைப்புகளில் ரவுட்டருக்கே பொது முகவரி கிடைப்பதில்லை. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்ளும். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64-லிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்கள் வீடும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். 2012-ல் அந்த முகவரி வரிசையை இதற்கென்றே ஒதுக்கினார்கள்.

சர்வரை அமைத்துக் கொடுத்தவர் உள்ளூரில் கணினி வேலை தெரிந்த ஒருவர். நல்லெண்ணத்தோடுதான் செய்திருக்கிறார். ஆனால் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார். ரவுட்டரில் போர்ட்டை, அதாவது ஒவ்வொரு சேவைக்கும் எண் போட்டு வைத்திருக்கும் கதவை, திறந்துவிட்டும் வெளியிலிருந்து தளம் தெரியவில்லை. காரணம் எளிது. சுவரில் ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டியே ஒரு ரவுட்டர். அதற்குப் பின்னால் சித்தப்பா வாங்கி வைத்த வைஃபை ரவுட்டர் இன்னொன்று. உள்ளே இருப்பதில் மட்டும் திறந்தால், வெளியே இருப்பது எதையும் உள்ளே விடாது. இரண்டிலும் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஃபைபர் பெட்டியை, ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பைக் கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும்.

அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பெட்டியிலும் டிஎம்இசட் என்ற வசதியை இயக்கிவிட்டார். உடனே எல்லாம் வேலை செய்தது. டிஎம்இசட் என்றால், வெளியிலிருந்து எந்த போர்ட்டுக்கு என்ன வந்தாலும் கேள்வி கேட்காமல் இந்த ஒரு கணினிக்கு அனுப்பிவிடு என்று ரவுட்டரிடம் சொல்வது. ஒரு ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று அந்தப் பக்கச் சுவரையே இடித்துவிட்ட மாதிரி.

அன்று மாலை பார்த்தது

என் லேப்டாப்பிலிருந்து உள்ளே போய்ப் பார்த்தேன். வெப்பநிலை 81 டிகிரி. ராஸ்பெர்ரி பை 4 எண்பது டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தளம் மெதுவாகிவிட்டது என்று பிள்ளைகள் சொன்னதற்கும் விளக்கம் கிடைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலை எடுத்தேன். செயலியின் நான்கு கோரும் முழுதாக நிரம்பியிருந்தன. நிரப்பிக்கொண்டிருந்த வேலையின் பெயர், சதுர அடைப்புக்குள், கேவொர்க்கர்.

லினக்ஸ் பழகியவர்கள் இந்தப் பெயரைத் தினமும் பார்ப்பார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் உள்வேலைக்கு வைத்திருக்கும் ஆட்கள் அவர்கள். கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதற்காகத்தான் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ஆனால் உண்மையான கேவொர்க்கர் எப்போதும் ரூட் என்ற முழு உரிமைக் கணக்கின் பெயரில்தான் ஓடும், நினைவகத்தில் இடம் பிடிக்காது. இது பிடித்திருந்தது. உரிமையாளர் பத்தியில் 'டெஸ்ட்' என்று இருந்தது.

"டெஸ்ட்டுன்னு யாரு சித்தப்பா?"

"தெரியலையேப்பா. அமைச்சுக் குடுத்த தம்பி ஏதாவது சோதிச்சுப் பார்க்க வச்சிருப்பாரோ?"

அதேதான். சோதனைக்காக உருவாக்கிய கணக்கு, வேலை முடிந்தும் நீக்காமல் விடப்பட்டது. பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கணக்கின் க்ரான் அட்டவணையை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியலை, திறந்தால் ஒரே ஒரு வரி. நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு முகவரிக்குப் போய் ஒரு கோப்பை இறக்கி ஓட்டு என்று. கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல். நான் அந்த வேலையைக் கொன்றிருந்தால் அடுத்த நிமிடமே மறுபடி முளைத்திருக்கும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் நிரலில், கடவுச்சொல் இல்லாமலே நுழைய அந்தக் கணக்குக்கு இருக்கும் சாவிப் பட்டியலிலும் முன்பின் தெரியாத ஒரு சாவி சேர்ந்திருந்தது. கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தியாகத் தூங்கப் போகிறவர்களை ஏமாற்றுவது இந்தச் சாவிதான்.

மின்சாரத்தை அணைக்காமல் நெட்வொர்க் கம்பியை மட்டும் உருவினேன். அணைத்தால் நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். அப்புறம் இரண்டு ரவுட்டரிலும் டிஎம்இசட்டை நிறுத்தினேன். பெட்டியில் கீபோர்டும் டிவியும் மாட்டி, பார்க்க வேண்டியதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மெமரி கார்டை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்தேன். விசிறியின் சத்தம் நின்றது. சித்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

எந்த வழியாக வந்தார்கள்

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலையில் நானும் சித்தப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து லாக்கைப் படித்தோம். எஸ்எஸ்ஹெச் வழியாக யார் யார் நுழைய முயன்றார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் கோப்பு அது. திரை முழுக்க ஒரே நிமிடத்தின் வரிகள். ரூட், தவறான கடவுச்சொல். அட்மின், அப்படி ஓர் ஆள் இல்லை. உபுண்டு, ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், பை, கெஸ்ட். மறுபடி ரூட். மறுபடி அட்மின்.

"அட்டெண்டன்ஸ் எடுக்குற மாதிரில்ல இருக்கு" என்றார் சித்தப்பா. முப்பது வருஷம் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவர். "இதெல்லாம் யாருப்பா? நம்ம வீட்டத் தேடி யாரு வரப்போறா?"

வீட்டு சர்வர் வைத்திருக்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. யாரும் சித்தப்பா வீட்டைத் தேடி வரவில்லை. எல்லா வீட்டுக் கதவையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகிறார்கள், இது வழியில் இருந்தது. ஐபி நான்காம் பதிப்பில் இருப்பது 2-இன் 32-ஆம் அடுக்கு முகவரிகள். சித்தப்பா மனக்கணக்காகவே சொல்லிவிட்டார், ஏறக்குறைய 430 கோடி. 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரு கிகாபிட் இணைப்பும் ஒரு சாதாரணக் கணினியும் இருந்தால் இணையத்தின் பொது முகவரிகள் அத்தனையிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டினார்கள். நொடிக்குப் பத்து லட்சம் கதவுக்கு மேல். அறந்தாங்கி என்றும் அமெரிக்கா என்றும் அந்தக் கணக்கில் பிரிவு கிடையாது.

டிசம்பர் 29, அதிகாலை 3 மணி 12 நிமிடத்தில் ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'டெஸ்ட்' பெயரில் கடவுச்சொல் ஏற்கப்பட்டது. அடுத்த சில நொடிகளில் க்ரான் வரி விழுந்திருக்கிறது. மனிதக் கை அவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்யாது. எல்லாமே தானியங்கி.

இதில் எனக்கு வருத்தம் தரும் ஒரு விஷயம் உண்டு. எஸ்எஸ்ஹெச் பிறந்ததே கடவுச்சொல் திருட்டுக்கு மருந்தாகத்தான். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டார்கள். அங்கே இருந்த டாட்டு யுலோனென் அதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் நிரலாக எஸ்எஸ்ஹெச்-ஐ எழுதினார். டெல்நெட்டின் 23-க்கும் எஃப்டிபியின் 21-க்கும் நடுவில் காலியாக இருந்த 22 என்ற போர்ட் எண்ணைக் கேட்டு வாங்கினார். வழியில் ஒட்டுக்கேட்பவனிடமிருந்து அது கடவுச்சொல்லைக் காப்பாற்றும். வாசலில் நின்று ஆயிரம் சொல்லை ஊகித்துப் பார்ப்பவனிடமிருந்து காப்பாற்றாது. ஊகிக்கவே முடியாத சாவியை அந்த நிரலிலேயே கொடுத்திருக்கிறார்கள். நாம் கடவுச்சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, டெஸ்ட் கணக்குக்கு நிர்வாக உரிமை இல்லைதானே, சேதம் அந்த அளவோடு போயிற்று என்று நினைக்கலாம். நானும் அப்படி இருக்க வேண்டும் என்றுதான் விரும்பினேன். ஆனால் அந்தக் கணக்கு, நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அறைகளில் ஓட்டும் டாக்கரை இயக்க அனுமதியுள்ள டாக்கர் குழுவில் சேர்க்கப்பட்டிருந்தது. டாக்கரை இயக்கத் தெரிந்தவன் சர்வரின் முழு வட்டையும் ஒரு கன்டெய்னருக்குள் மாட்டிக்கொண்டு ரூட்டாகவே எதையும் மாற்றலாம். டாக்கர் குழு என்பது பெயர் மாற்றிய ரூட். ஆக, அந்தப் பெட்டியில் எந்த ஒரு கோப்பையும் இனி நம்ப முடியாது.

இன்னொன்றும் இருந்தது, என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. சர்வரில் யுஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவர் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. நிலை கேட்டால் 22, 80, 443 மூன்று மட்டும் திறந்திருக்கிறது என்று சொன்னது. அமைத்தவர் அதைப் பார்த்து நிம்மதியாகப் போயிருப்பார். உண்மையில் 8080-ல், தரவுத்தளத்தைக் கையாளும் பிஹெச்பிமைஅட்மின் பக்கமும் உலகத்துக்கே திறந்திருந்தது. டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிடும்போது கெர்னலின் வடிகட்டி விதிகளைத் தானே நேரடியாக எழுதிக்கொள்ளும். கன்டெய்னருக்குப் போகும் தரவுப் பொட்டலம், யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் பாதையில் வராமலே கடந்து போய்விடும். தீச்சுவர் பொய் சொல்லவில்லை. தன் பாதையில் வந்ததைத் தடுத்தது. இது வேறு பாதை. போர்ட்டை வெளியிடும் இடத்தில் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்திருந்தால் அந்தக் கணினிக்குள் மட்டும் தெரிந்திருக்கும். டாக்கரை வீட்டில் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை இன்றே பார்த்துவிடுங்கள்.

நாற்பத்தொரு பேர்

அந்தத் தரவுத்தளத்தில் என்ன இருந்தது என்று கேட்டபோது சித்தப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. தளத்தில் 'சந்தேகம் கேட்க' என்று ஒரு படிவம் வைத்திருந்தார். பிள்ளைகள் பெயர், பள்ளி, வீட்டு போன் நம்பர், கேள்வி. நாற்பத்தொரு பேர் நிரப்பியிருந்தார்கள்.

எட்டிப் பார்த்தவர்கள் அதை எடுத்தார்களா? லாக்கில் பிஹெச்பிமைஅட்மின் வாசலைத் தட்டியது தெரிந்தது, உள்ளே நுழைந்ததற்குத் தடயம் இல்லை. ஆனால் டாக்கர் குழுவில் இருந்த ஒருவனால் வாசலே தேவையில்லாமல் அந்தக் கோப்புகளைத் தொட முடியும். எடுத்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். தோண்டும் நிரலை வைத்துவிட்டுப் போகும் தானியங்கிகள் பெரும்பாலும் கோப்புகளைப் பார்ப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பிப் பிள்ளைகளின் நம்பரைப் பணயம் வைக்க முடியாது.

அன்று மதியம் சித்தப்பா ஒரு நோட்டில் நாற்பத்தொரு பெயரையும் எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். "சார் பேசுறேம்மா. நம்ம தளத்துல யாரோ புகுந்துட்டாங்க. பாப்பா பேரும் நம்பரும் வெளிய போயிருக்கலாம். பள்ளிக்கூடத்துலேர்ந்து பேசுறோம், பாங்க்லேர்ந்து பேசுறோம்னு யாராச்சும் போன் பண்ணி ஓடிபி கேட்டா சொல்லிடாதீங்க." நாற்பத்தொரு முறையும் இதையே, அலுக்காமல். பேசி முடித்தவர்களுக்குச் சிவப்புப் பேனாவில் டிக் அடித்தார். கடைசி டிக் விழுந்தபோது இருட்டிவிட்டது. கணினி பாதுகாப்பு வேலையில் நான் பார்த்தவற்றில் இதைவிடச் சரியாகச் செய்யப்பட்ட ஒரு காரியத்தை எனக்கு நினைவில்லை.

புது அமைப்பு

பழைய கார்டைச் சுத்தம் செய்யும் பேச்சே இல்லை. புது மெமரி கார்டு, புதிதாக உபுண்டு 22.04. பழையதிலிருந்து எடுத்துக்கொண்டது விடைத்தாள்களின் பிடிஎஃப் கோப்புகளை மட்டும், அதுவும் சித்தப்பாவின் லேப்டாப்பில் இருந்த மூலப் பிரதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகு. அந்தப் பெட்டியில் பயன்படுத்திய கடவுச்சொல்லையே மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தார். அதை அவருடைய லேப்டாப்பிலிருந்து முதல் வேலையாக மாற்றினோம்.

அப்புறம் அவரிடம் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசினேன். இந்த சர்வருக்கு இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். விடைத்தாள் பார்க்க வரும் பிள்ளைகள். அவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பராமரிக்க வருகிறவர்கள் இரண்டே பேர், நீங்களும் நானும். இதுவரை இரண்டு வகைக்கும் தெருவைப் பார்த்த வாசலையே வைத்திருந்தோம். ஊர் வீட்டில் அப்படியா வைக்கிறோம்? வந்தவர்கள் திண்ணையில் உட்காரலாம். கொல்லைக் கதவு வீட்டு ஆளுக்கு மட்டும், தெருவிலிருந்து பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது.

திண்ணைப் பக்கம் சீக்கிரம் முடிந்தது. தளத்தை வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றினேன். தரவுத்தளம் இல்லை, நிர்வாகப் பக்கம் இல்லை, படிவமும் இல்லை. சந்தேகம் இருந்தால் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம், இல்லையென்றால் போன் செய்யலாம் என்று சித்தப்பாவே ஒரு வரி எழுதிப் போட்டார். பக்கங்களை வழங்கும் என்ஜினெக்ஸ்-ஐ டாக்கர் இல்லாமல் நேரடியாக நிறுவினேன். மறையாக்கிய இணைப்புக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ், அப்போது 90 நாள் ஆயுள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ரவுட்டர்களில் இணையதளத்துக்கான 80, 443 இரண்டும் திறந்தேன்.

சான்றிதழ் பற்றி ஒரு இடைச்செருகல். முன்பு நிர்வாகப் பக்கத்துக்கென்று 'அட்மின்' என்று தொடங்கும் ஒரு துணைப்பெயரை வைத்திருந்தார்கள். யாருக்கும் சொல்லவில்லையே, எப்படித் தெரியும் என்றார் சித்தப்பா. பொதுச் சான்றிதழ் வழங்கப்படும்போது அதிலுள்ள பெயர்கள் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடும். தவறான சான்றிதழ் வழங்கப்பட்டால் கண்டுபிடிப்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் புதுப் பெயர் ஏறுகிறதா என்று அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கிகளும் உண்டு. பெயரை ரகசியமாக வைப்பது பாதுகாப்பு ஆகாது.

கொல்லைக் கதவுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். வயர்கார்டு. இணையத்தின் ஊடே இரண்டு கருவிகளுக்கு நடுவில் மறையாக்கிய சுரங்கம் அமைக்கும் நிரல், ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலின் 5.6 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. கெர்னலில் சேர்ந்தபோது அதன் நிரல் சுமார் 4,000 வரிதான். ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிடலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதன் மௌனம். சரியான சாவியோடு வராத பொட்டலத்துக்கு அது பதிலே சொல்லாது. 'அனுமதி இல்லை' என்றுகூடச் சொல்லாது. தட்டியவனுக்கு அங்கே கதவு இருக்கிறதா சுவர் இருக்கிறதா என்றே தெரியாது.

ரவுட்டர்களில் வயர்கார்டுக்கான யுடிபி போர்ட் 51820-ஐ மட்டும் கூடுதலாகத் திறந்தேன். சுரங்கத்துக்குள் சர்வருக்கு 10.77.0.1, சித்தப்பாவின் போனுக்கு .2, லேப்டாப்புக்கு .3, என் லேப்டாப்புக்கு .4. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி. போன் தொலைந்தால் அந்த ஒரு சாவியை நீக்கினால் போதும், மற்றவை அப்படியே இருக்கும். சுரங்கத்தில் போக வேண்டியது 10.77.0.1 என்ற ஒரே முகவரி மட்டும் என்று அமைத்தேன். கோயம்புத்தூர் வீட்டு ரவுட்டரும் 192.168.1-ல் தொடங்கும் முகவரிகளையே கொடுக்கிறது, அறந்தாங்கி வீடும் அதுதான். வீட்டு நெட்வொர்க் முழுவதையும் சுரங்கத்தில் சேர்த்திருந்தால் எது எந்த வீடு என்று லேப்டாப் குழம்பியிருக்கும்.

போனில் கியூஆர் கோடைக் காட்டி ஏற்றியபோது சித்தப்பா இரண்டு முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். "ஸ்விட்ச் மாதிரிதானா? வேல முடிஞ்சா அணைச்சிடலாம்ல?" அவ்வளவுதான் சித்தப்பா. அந்தக் கோடில் இருப்பது தனிச்சாவி என்பதால், ஏற்றி முடித்ததும் சர்வரிலிருந்த அதன் கோப்பை அழித்தேன்.

எஸ்எஸ்ஹெச் இனி சுரங்கத்துக்குள் மட்டும். யுஎஃப்டபிள்யூ-வில் 22-ஐ வயர்கார்டு இடைமுகத்தின் வழியாக வருவதற்கு மட்டும் அனுமதித்தேன். வீட்டு வைஃபையிலிருந்துகூட அனுமதி இல்லை. அதே வைஃபையில் ஒரு மலிவான கண்காணிப்புக் கேமராவும் இருக்கிறது. அதை நான் நம்பவில்லை. அவசரத்துக்குக் கீபோர்டும் டிவியும் இருக்கிறதே.

சாவிக்கு இடி25519 வகை. கடவுச்சொல் நுழைவை அணைக்கும்போதுதான் ஒரு சிக்கல் வந்தது, இதைக் கவனமாகப் படியுங்கள். முதன்மை அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் வேண்டாம் என்று எழுதி, சேவையை மறுதொடக்கம் செய்து, சாவி இல்லாமல் நுழைந்து பார்த்தேன். கடவுச்சொல்லைக் கேட்டது! கோப்பைத் திறந்து பார்த்தால் நான் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. விஷயம் என்னவென்றால், அந்தக் கோப்பின் தலைப்பிலேயே துணைக் கோப்புறை ஒன்றைச் சேர்த்துப் படிக்கச் சொல்லியிருக்கிறது. அதில் முதல்முறை எழும்போது கணினியை அமைக்கும் கிளவுட்-இனிட் நிரல் உருவாக்கிய, 50 என்று தொடங்கும் ஒரு கோப்பு, கடவுச்சொல் உண்டு என்கிறது. எஸ்எஸ்ஹெச் சேவை ஒரே அமைப்பை இரண்டு இடத்தில் பார்த்தால் முதலில் படித்ததையே எடுத்துக்கொள்ளும். நான் எழுதியது இரண்டாவது. அந்த 50 கோப்பை நீக்கிவிட்டு, எஸ்எஸ்ஹெச்டி கட்டளையைப் பெரிய டி விருப்பத்தோடு ஓட்டி, நடைமுறையில் என்ன அமைப்பு இருக்கிறது என்று அதன் வாயாலேயே கேட்டு உறுதி செய்தேன். கோப்பில் எழுதியதை மட்டும் பார்த்து எழுந்து வந்திருந்தால் பழைய கதைதான். இன்னொரு வழக்கமும் உண்டு: இந்த மாதிரி மாற்றம் செய்யும்போது ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பை மூடவே மாட்டேன், புது ஜன்னலில் நுழைந்து பார்த்த பிறகுதான் மூடுவேன்.

சித்தப்பாவுக்கு நிர்வாக உரிமையுள்ள கணக்கைத் தினசரிக்குக் கொடுக்கவில்லை. கோப்பு ஏற்றுவதற்கு மட்டும் ஒரு கணக்கு. தளத்தின் கோப்புறையைத் தாண்டி அதனால் எதையும் பார்க்க முடியாது. சாவிக்குக் கடவுத்தொடராக அவருக்குப் பிடித்த ஒரு தேற்றத்தை முழு வாக்கியமாகத் தமிழ் ஒலியில் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டார். ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறார். அதில் எனக்கு மறுப்பில்லை. பீரோவைத் திறக்க அறந்தாங்கிக்கு நேரில் வர வேண்டும்.

பலமுறை தவறாக முயலும் முகவரியைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் போடவில்லையா, போர்ட் எண்ணை 22-லிருந்து மாற்றவில்லையா என்று கேட்பார்கள். இரண்டும் லாக்கில் இரைச்சலைக் குறைக்கும், தப்பில்லை. ஆனால் ஆயிரம் முகவரியிலிருந்து ஆளுக்கு ஒரு முறை தட்டினால் முன்னது விழிக்காது. எண்ணை மாற்றினால் தேடுபவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். 22 வெளியில் தெரியாத பிறகு இரண்டுக்கும் அவசியமும் இல்லை. நிலையான முகவரி கிடைக்காதவர்களுக்கு டெயில்ஸ்கேல் நல்ல வழி. அதுவும் வயர்கார்டு மேல் கட்டியதுதான், தனிச்சாவி கருவியை விட்டு வெளியே போகாது. கிளவுட்ஃபிளேர் சுரங்கத்தில் பொதுத் தளத்தை வைக்கலாம், ஆனால் மறையாக்கம் அவர்கள் சர்வரில் ஒருமுறை அவிழ்க்கப்படும் என்பதைத் தெரிந்து வைக்க வேண்டும். விடைத்தாளுக்கு அது பரவாயில்லை. நிர்வாக நுழைவுக்கு நான் வைக்க மாட்டேன்.

திருத்தங்களைத் தானாக நிறுவிக்கொள்ளும் வசதியையும் இயக்கினேன். 2022-ல், கடவுச்சொற்களைச் சேமித்துக் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்த ஊடுருவல், ஒரு பொறியாளரின் வீட்டுக் கணினி வழியாகத்தான் அவ்வளவு ஆழம் போனது. அதில் ஓடிய ப்ளெக்ஸ் மீடியா சர்வரின் ஓட்டைக்கு 2020 மே மாதமே திருத்தம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தக் கணினியில் யாரும் அதை நிறுவவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால்

வீட்டு வைஃபையிலிருந்து சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை. வைஃபையை அணைத்து, போனின் மொபைல் டேட்டாவை லேப்டாப்புக்குப் பகிர்ந்து, சித்தப்பா வீட்டு முகவரியின் எல்லா போர்ட்டையும், எது திறந்திருக்கிறது என்று பார்க்கும் என்மேப் நிரல் மூலம் தட்டினேன். 80, 443 திறந்திருக்கின்றன. மற்ற எதிலிருந்தும் பதில் இல்லை. ஐபி ஆறாம் பதிப்பு முகவரியிலும் தனியாகச் சோதித்தேன். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 51820-க்கு என்மேப் சொன்னது: திறந்திருக்கலாம், தடுக்கப்பட்டிருக்கலாம்.

"இருக்கா இல்லையான்னே அதுக்குத் தெரியலையா?"

"அதுதான் சித்தப்பா நமக்கு வேணும்."

அடுத்த மாதங்கள்

பிப்ரவரியில் ஒரு சறுக்கல். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்திய நாளில் பெட்டி அணைந்து எழுந்தது. தளம் தானாக வந்தது, சுரங்கம் வரவில்லை. வயர்கார்டைத் தொடங்கினேனே தவிர, கணினி எழும்போது தானாகத் தொடங்கச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். சித்தப்பா கோயம்புத்தூரில், நான் சென்னையில். அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் கீபோர்டை மாட்டிச் சரி செய்தேன். கிளம்பும் முன் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பயணம் தேவைப்பட்டிருக்காது.

மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் விவகாரம் வெளிவந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டு என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்து, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரல் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். உபுண்டு 22.04-க்கு அது வந்து சேரவில்லை. ஜூலை 1 அன்று வந்தது நேராக நம் பெட்டியையே தொட்டது. பெட்டியில் ஓடும் எஸ்எஸ்ஹெச் நிரலான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-ல் ஒரு ஓட்டை, குவாலிஸ் நிறுவனம் கண்டுபிடித்தது, உள்ளே நுழையாமலே ரூட்டாகலாம். 32 பிட் கணினியில் சராசரியாக 6 முதல் 8 மணி நேரம் விடாமல் முயன்றால் நடக்கும் என்று காட்டினார்கள். சித்தப்பாவின் பெட்டி 64 பிட். ஆனால் அதிலிருந்த 8.9 பதிப்பும் பாதிக்கப்பட்ட பட்டியலில் இருந்தது. இந்த இரண்டிலும் நல்ல சாவி வைத்திருந்தது காப்பாற்றாது. பூட்டிலேயே பழுது. கதவு தெருவில் இல்லாமல் இருந்தால் மட்டும்தான் திருத்தம் வரும்வரை மூச்சு விட முடியும்.

திருத்தம் அன்றே வெளியாகிவிட்டது. இரவு சாப்பிட்ட பிறகு, அது தானாக நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சுரங்கத்தின் வழியாக நுழைந்தேன். நிறுவப்பட்டிருந்தது. அப்படியே லாக்கையும் திறந்தேன். ஜனவரியில் ஒரு நிமிடத்துக்கு ஒரு திரை நிறைந்த அந்தக் கோப்பில், ஜூன் கடைசி வாரம் முழுவதற்குமாக நுழைவு வரிகள் பதினொன்று. எல்லாமே சாவி ஏற்கப்பட்டது என்ற வரிகள். பத்து 10.77.0.3-லிருந்து, பெரும்பாலும் காலை 5 மணிவாக்கில். பேரன் எழுவதற்கு முன் சித்தப்பா விடைத்தாள் ஏற்றும் நேரம் அது. ஒன்று என்னுடையது.